பேப்பர் போடுவதற்கு முன்னால்: ஐடி வேலை கசந்துபோனவர்களுக்கு

ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எனக்குப் போன் வந்தால் பெரும்பாலும் விஷயம் ஒன்றாகத்தான் இருக்கும். அப்ரைசல் லெட்டர், அதாவது அந்த வருடத்து மதிப்பீட்டையும் சம்பள உயர்வையும் சொல்லும் கடிதம், வந்திருக்கும். என்னோடு முன்பு ஒரே புராஜெக்டில் இருந்த தம்பி ஒருவன் இந்த வருடம் கூப்பிட்டான், சோழிங்கநல்லூர் சிக்னலில் நகராமல் நின்ற கம்பெனி பஸ்ஸுக்குள்ளிருந்து.

"அண்ணா, நாளைக்கே பேப்பர் போடப்போறேன்." ராஜினாமா செய்வதைத்தான் நாங்கள் இப்படிச் சொல்வோம்.

"எதுக்குடா?"

"எல்லாமேண்ணா. ஹைக் நாலு பர்சன்ட். மேனேஜர் மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. கம்பெனியே வேஸ்ட்."

"எல்லாமே" என்று சொல்கிறவனுக்கு யாராலும் உதவ முடியாது. சம்பளக் குறை, மேலே இருப்பவர்கள் மேல் உள்ள கோபம், ஆபீஸ் பழக்கவழக்கம் தரும் சலிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே வயிற்றெரிச்சலாகத்தான் உள்ளே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, கேட்க வேண்டிய ஆளும் வேறு. சம்பளக் கோபத்தை மேனேஜர் மேல் காட்டி, மேனேஜர் கோபத்தில் வேலையை விட்டு, புதுக் கம்பெனியிலும் அதே ராத்திரி ஒன்பதரை மணி கான்ஃபரன்ஸ் காலில் போய் உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன், அந்தக் கதை பின்னால் வருகிறது. அதனால் அவனிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில், வெளிநாட்டுக் கிளையன்ட்களுக்கு (வாடிக்கையாளர்களுக்கு) வேலை செய்து கொடுக்கிற சர்வீஸ் கம்பெனி உலகம்தான், ஸ்டார்ட்அப்பில் சில விஷயங்கள் மாறும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற நோட்டுப் புத்தகம் போதும். ஆபீஸ் லேப்டாப்பில் எழுதாதீர்கள், ஆபீஸ் சாட்டில் நண்பனுக்கு எழுதுவதும் அதே கணக்குதான். இரண்டு வாரத்துக்கு, எரிச்சல் வந்த ஒவ்வொரு முறையும் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். "மேனேஜர் மதிக்கவில்லை" என்பது செல்லாது. "மார்ச் 12, கிளையன்ட் காலில் நான் போட்ட டிசைனைத் தன்னுடையது என்று சொன்னார், காலில் ஆறு பேர் இருந்தார்கள்" என்பது செல்லும். ரெண்டு வாரம் கழித்துப் புரட்டினால் எந்தக் குறை அதிகம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தத் தம்பி கம்பெனியே வேஸ்ட் என்றான் அல்லவா? அவன் நோட்டில் பதினோரு வரி இருந்தது, அதில் எட்டு வரி அந்த ராத்திரி கான்ஃபரன்ஸ் கால் பற்றி. சம்பளம் ஒரே ஒரு வரி.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. ஆதாரம் சேர்க்கிறேன் என்று ஆபீஸ் மெயிலை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். வெளியே போகும் மெயிலைக் கண்காணிக்கிற மென்பொருள் இன்று பல கம்பெனிகளில் ஓடுகிறது, அதில் கிளையன்ட் பெயரோ டேட்டாவோ ஒரு வரி இருந்தால் போதும், உங்கள் குறையை விட்டுவிட்டு உங்கள் மேலேயே விசாரணை ஆரம்பிக்கும். உங்களுடைய காகிதங்களை மட்டும் எடுத்து வையுங்கள்: ஆஃபர் லெட்டர், ஒவ்வொரு வருடத்து அப்ரைசல் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16. பே ஸ்லிப்பை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் சாயங்காலம் லாகின் போய்விடும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

சம்பளம்: கோபப்படுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

நிறையப் பேர் ஆண்டு சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செலவு செய்யும் மொத்தத் தொகையை, பன்னிரண்டால் வகுத்துவிட்டு, அந்தத் தொகை கைக்கு வரவில்லை என்று கோபப்படுகிறார்கள். ஒன்பது லட்சம் சிடிசி என்று வைத்துக்கொள்வோம். மனசுக்குள் ஓடும் கணக்கு மாதம் 75,000. இப்போது லெட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், பாதி என்றால் வருடத்துக்கு 4,50,000, மாதம் 37,500. அதில் 12 சதவீதம், அதாவது மாதம் 4,500, கம்பெனி உங்கள் பிஎஃபில் போடுகிறது, அதுவும் சிடிசிக்குள்ளேயேதான் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 21,645 ரூபாய். வேரியபிள், அதாவது நிலையாக வராத பகுதி, பத்து சதவீதம் என்றால் 90,000. இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒரு பத்தாயிரம். இதெல்லாம் போக மாதத்துக்கு நிற்பது 60,363. இதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 4,500, தொழில் வரி ஒரு இருநூறு சொச்சம். வருமான வரி இந்தச் சம்பளத்துக்குப் புதிய முறையில் வராது. கைக்கு வருவது 55,600 ரூபாய் அருகில். 75-க்கும் 55-க்கும் நடுவே உள்ள இடைவெளியை யாரும் திருடவில்லை, ஒரு பகுதி உங்கள் பிஎஃபில்தான் கிடக்கிறது. ஆனால் ஆஃபர் பேசும்போது இதைக் கேட்காமல் விட்டது நம் தப்பு.

சில கம்பெனிகள் பிஎஃபைச் சட்டம் சொல்லும் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 பிடிப்பார்கள், அங்கே கைக்கு அதிகம் வரும், சேமிப்பு குறையும். இன்னொன்று, 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அலவன்ஸ்களை ஊதிப் பெருக்கி பேசிக்கை 30, 35 சதவீதத்தில் வைத்திருந்த கம்பெனிகளுக்கு அது இனி ஒத்துவராது, பிஎஃபும் கிராஜுவிட்டியும் கணக்கிடுகிற ஊதியம் மொத்தத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. சிடிசி மாறாமல் கைக்கு வருவது குறைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த நாலு சதவீதத்துக்கு வருவோம். ஒன்பது லட்சத்தில் நாலு சதவீதம் 36,000. மாதம் 3,000, கைக்கு வரும்போது 2,200 அருகில். மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ வீட்டு ஓனர் வாடகையை 1,500 ஏற்றிவிட்டால் ஒரு வருட உழைப்புக்கு மிச்சம் 700 ரூபாய். இப்படிக் கணக்காகச் சொல்லிப் பாருங்கள், "ஹைக் ரொம்பக் கம்மி" என்று முனகுவதைவிட இது உங்களுக்கே தெளிவாக இருக்கும்.

இது ஏன் இப்படி என்றும் புரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பவனுக்குச் சதவீதம், வெளியிலிருந்து வருகிறவனுக்கு மார்க்கெட் ரேட், இந்தத் தொழிலின் எழுதாத விதி இதுதான். பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் ஃபிரெஷர் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது, அங்கிருந்து நாலு, ஆறு சதவீதமாக ஏறி வந்தவனும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாறி வந்தவனும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் ஒரே வேலையைப் பார்ப்பார்கள். மேனேஜர் கெட்டவர் என்பதால் வந்த வித்தியாசம் இல்லை இது. அவர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் இருப்பது டீமுக்கு ஒதுக்கிய ஒரு மொத்தத் தொகை, உங்களுக்குப் பன்னிரண்டு கொடுக்க வேண்டுமென்றால் இன்னொருவனுக்கு இரண்டுதான் கொடுக்க முடியும்.

ரேட்டிங்கும் அதே மாதிரிதான். மேலே இத்தனை பேர், நடுவில் இத்தனை பேர், கீழே கட்டாயம் இத்தனை பேர் என்று பெல் கர்வ் வைத்து, "நார்மலைசேஷன்" என்ற பெயரில் மேனேஜர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். நான் அப்படி ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யார் எழுதிய புரோகிராமைப் பற்றியும் யாரும் பேசவில்லை. போன வருடம் பிரமோஷன் வாங்கியவன் இந்த வருடம் கீழே போகட்டும், பேப்பர் போட்டவன் கீழே போகட்டும், இவளை விட்டால் டெலிவரி விழுந்துவிடும் அதனால் மேலே வை, இப்படித்தான் போனது. எக்செலில் ஒரு பெயரை வெட்டி மூன்றாவது கட்டத்திலிருந்து நாலாவது கட்டத்தில் ஒட்டினார்கள், அவ்வளவுதான், ஒருவனுடைய வருடம் முடிந்தது. அந்த அறையில் உங்களுக்காகப் பேச உங்கள் மேனேஜருக்கு ரெண்டே நிமிடம் கிடைக்கும். அந்த ரெண்டு நிமிடத்துக்கான சரக்கை நீங்கள்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

எப்படி? அப்ரைசல் ஏப்ரலில் என்றால் நவம்பர், டிசம்பரிலேயே பேசுங்கள். லெட்டர் கைக்கு வந்தபிறகு பேசுவது பந்தி முடிந்தபிறகு இலை கேட்பது மாதிரி. அரை மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்கி, செய்த வேலையில் நாலே நாலு விஷயம், ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணோடு சொல்லுங்கள். "ராத்திரி தானாக ஓடும் பேட்ச் புரோகிராம் ஆறு மணி நேரத்திலிருந்து ரெண்டு மணி நேரமாகக் குறைந்தது" என்று சொன்னால் அவர் அதை அப்படியே அந்த அறையில் சொல்ல முடியும். "கஷ்டப்பட்டு வேலை செஞ்சேன்" என்பதை அவர் என்ன செய்வார்? அப்புறம் தொகையைச் சொல்லிவிடுங்கள். "பார்த்துப் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லவே கூடாது, பார்ப்பார்கள், பண்ண மாட்டார்கள். வீட்டு லோன், தங்கச்சி கல்யாணம், குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் எதையும் இழுக்காதீர்கள், பக்கத்துச் சீட்டுக்காரனுடைய சம்பளத்தையும் இழுக்காதீர்கள். பேசி முடித்த அன்றே, "இன்று பேசியதன் சுருக்கம்" என்று நாலு வரி மெயில் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மேனேஜர் மாறியிருப்பார், மெயில் மாறாது.

அந்த மொத்தத் தொகைக்கு வெளியே உள்ளதையும் கேட்கலாம். அப்ரைசலுக்கு நடுவே சம்பளத் திருத்தம், போகாமல் இருக்கத் தரும் ரிடென்ஷன் போனஸ், சர்டிஃபிகேஷன் செலவு, வேறு ரோல் என்று சிலது வேறு பட்ஜெட்டிலிருந்து வரும். வேரியபிளைப் பொறுத்தவரை லெட்டரில் உள்ள அந்த ஒரு வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், "கம்பெனியின் விருப்பத்துக்கு உட்பட்டது" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அதை வந்தால் வரும் பணம் என்று மட்டும் வையுங்கள், அதை நம்பி இஎம்ஐ போடாதீர்கள்.

கிளையன்டிடம் உங்களுக்கு என்ன பில் போகிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான். மணிக்கு 25 டாலர் என்று வைத்தால் மாதம் 160 மணிக்கு 4,000 டாலர். பார்த்ததும் ரத்தம் கொதிக்கும். அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போகாதீர்கள், அவருக்கும் தெரியும், பெஞ்சில் (புராஜெக்ட் இல்லாமல்) இருப்பவர்கள், கட்டடம், விற்பனை ஆள் செலவு என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பாடம் எடுப்பார்.

மேலே இருக்கிறவர்கள்

நோட்டில் அதிகம் வருவது மேனேஜர் பெயர் என்றால் ஒன்று மட்டும் சோதித்துப் பாருங்கள்: அவருக்கு அதிகாரம் இல்லையா, மனசு இல்லையா? அவருடைய அதிகாரத்துக்குள் நிச்சயமாக இருக்கிற சின்ன விஷயம் ஒன்றைக் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் ராத்திரி காலில் இருந்து விடுதலை, கிளையன்ட் டெமோவை இந்த முறை நானே காட்டுகிறேன், இப்படி ஏதாவது. செய்து கொடுத்தால் ஆள் பரவாயில்லை, மேலிடம்தான் சரியில்லை. அதையும் "பார்க்கலாம்" என்று மூன்று முறை தள்ளினால் அந்த ஆளிடம் இனி எதுவும் நடக்காது. கூடவே, கடந்த ஒன்றரை வருடத்தில் அவருக்குக் கீழே இருந்து எத்தனை பேர் போனார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஆள்தான் பிரச்சினை என்றால் கம்பெனியை விட வேண்டியதில்லை, புராஜெக்டை மாற்றினால் போதும். பெரிய கம்பெனிகளில் உள்ளேயே வேலை விளம்பரம் வரும், அதற்கு ஒரு புராஜெக்டில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். சிக்கல் எங்கே என்றால், விட வேண்டியவர் அதே மேனேஜர். அதனால் முதலில் புது மேனேஜரிடம் பேசி அவர் வாயால் "எனக்கு இந்த ஆள் வேண்டும்" என்று கேட்க வையுங்கள், நீங்களாகப் போய் "என்னை விடுங்க" என்று நின்றால் கிளையன்ட் உங்களை விடச் சம்மதிக்க வேண்டும் என்ற பெயரில் மூன்று மாதம் இழுப்பார்.

மேனேஜருக்கு மேலே இருப்பவரிடம் போவதாக இருந்தால் புகாராகக் கொண்டுபோகாதீர்கள். "எனக்கு அடுத்து என்ன வழி என்று உங்களிடம் கேட்க வந்தேன்" என்று ஆரம்பித்து, நோட்டில் இருக்கிற ரெண்டு சம்பவத்தைத் தேதியோடு சொல்லி நிறுத்துங்கள். எச்ஆர் விஷயத்தில், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி என்பதை மறக்காமல் பேசுங்கள். சம்பளத்தில் தப்புப் பிடித்தம், லீவு மறுப்பு, பாலிசி மீறல் போன்றவற்றுக்கு அவர்களால் உதவ முடியும். "அவர் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை" என்பதற்கு அவர்களிடம் ஃபார்ம் கிடையாது.

பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லை மட்டும் இந்த வரிசையில் வராது. அதை மேனேஜரிடமோ அவருக்கு மேலே இருப்பவரிடமோ சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைவர் மூத்த பெண் ஊழியர், வெளியாள் ஒருவரும் உண்டு. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். குழுவில் யார் யார் என்று ஆபீஸில் ஒட்டியிருக்க வேண்டும், இன்றே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டவுன் ஹாலில், அதாவது எல்லா ஊழியர்களையும் கூட்டும் கூட்டத்தில், மைக் பிடித்துப் பொங்குவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மேடையில் இருப்பவர் "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்பார். எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை சித்தப்பாவை அறுபது நாள் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே அனுப்பியதில்லை. ஆனால் அதை மைக்கில் சொல்லி என்ன கிடைக்கும், கைதட்டலும் காபி இடைவேளையில் நாலு பேர் தட்டிக்கொடுப்பதும்தான். கேட்பதென்றால் ஆமா, இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: "இந்த வருடம் வேரியபிள் முழுதாக வருமா?" அதற்குத்தான் வழுக்க முடியாது.

பெயர் கேட்காத சர்வேயிலும் கவனம். ஆறு பேர் டீமில் ஒருவன் மட்டும் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறான் என்றால், ராத்திரி ஷிப்டைப் பற்றி எழுதியது யார் என்று கண்டுபிடிக்க மென்பொருள் எதற்கு?

ஒன்பதரை மணி கால்

கல்ச்சர் என்று எல்லோரும் பெரிய வார்த்தை சொல்கிறார்கள். நடைமுறையில் அது உங்கள் காலண்டர்தான். நம் ஊரில் ராத்திரி ஒன்பதரை என்றால் நியூயார்க்கில் காலை பதினொன்று, கோடையில் மதியம் பன்னிரண்டு. அவர்கள் காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் நமக்குச் சாயங்காலம் ஆறோ ஏழோதான். யாராவது கேட்டால் மாற்றக் கூடிய விஷயம் இது, யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தை என்றோ வைத்த ஆன்சைட் ஆள் (கிளையன்ட் இடத்தில் இருந்து வேலை பார்த்தவர்) வேலையை விட்டுப் போய் ரெண்டு வருடம் ஆகியிருக்கும்.

தனியாளாகக் கேட்டால் "கமிட்மென்ட் இல்லாதவன்" என்று பெயர் வரும். டீமில் நாலு பேர் பேசி வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில், அவரவர் வாயால், அதே சின்னக் கோரிக்கையைக் கேளுங்கள். அந்தத் தம்பியின் டீமில் இதைத்தான் செய்தார்கள். கிளையன்ட் பக்கத்து அம்மா சொன்னாராம், "உங்களுக்கு அது ராத்திரி என்று யாருமே சொல்லவில்லையே." கால் இப்போது ஏழு மணிக்கு.

டைம்ஷீட்டில் பொய் எழுதாதீர்கள். பதினோரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு எட்டு என்று போடச் சொன்னால், அப்படிப் போடச் சொல்வதை மெயிலில் உறுதி செய்யக் கேளுங்கள். யாரும் எழுதித் தர மாட்டார்கள், அதோடு அந்தப் பேச்சும் குறையும். தீபாவளி, பொங்கலுக்கு ஆன்கால், அதாவது கூப்பிட்டால் வேலை, இருந்தால் அதற்கு ஈடான லீவை (காம்ப்ஆஃப்) அன்றைக்கே போட்டு வாங்கிவிடுங்கள், பிறகு என்றால் காலாவதி ஆகிவிடும். வாரம் ஐந்து நாள் ஆபீஸ் வா என்ற உத்தரவையெல்லாம் டீம் மட்டத்தில் மாற்ற முடியாது, மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கிற ஓஎம்ஆரில் தினம் மூன்று மணி நேரம் போகிறது என்றால் அதை வேலை தேடும்போது ஒரு கணக்காக வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போட்டுச் சக்தியை வீணாக்காதீர்கள்.

"ஒரு மணி நேரத்தில் ரிசைன் பண்ணு" என்றால்

இந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். ஆட்களைக் குறைக்கும்போது கம்பெனிகள் நேராக நீக்குவது குறைவு. ஒரு அறைக்குக் கூப்பிட்டு, எச்ஆர் ரெண்டு பேர் உட்கார்ந்து, நீங்களாகவே ரிசைன் செய்தால் நல்ல ரிலீவிங் லெட்டர், இல்லையென்றால் டெர்மினேஷன், வேறெங்கும் வேலை கிடைக்காது என்பார்கள். போனை வெளியே வைக்கச் சொல்வதும் உண்டு. என் நண்பர் ஒருவருக்கு நடந்தது இது: பதினொரு வருட சர்வீஸ், நாற்பது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, டிபன் பாக்ஸை சீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்.

அறைக்குள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், போர்ட்டலில் ரிசைன் பட்டனையும் தட்டாதீர்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம். "நீங்க சொன்னதை மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டுப் பதில் சொல்றேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வெளியே வந்ததும், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்று நீங்களே ஒரு மெயில் எச்ஆருக்குப் போடுங்கள். நீங்களாக ரிசைன் செய்ததாகப் பதிவானால், ஆட்குறைப்புக்குச் சட்டம் தருகிற ஒரு மாத நோட்டீஸும், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பள இழப்பீடும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

ஐடிக்கு லேபர் சட்டம் கிடையாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். தவறு. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2014 கடைசியில் பெரிய நிறுவனம் ஒன்று ஆட்களைக் குறைத்தபோது சென்னையில் கர்ப்பிணி ஊழியர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார், 2015 ஜனவரியில் அவரை நீக்கிய உத்தரவுக்குத் தடை கிடைத்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, ஆனாலும் தகராறைத் தொழிலாளர் துறையிடம் கொண்டுபோகும் வழி அப்படியேதான் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் லீட், கன்சல்டன்ட் என்று போட்டிருப்பதால் மட்டும் நீங்கள் நிர்வாகத்தில் சேர்ந்துவிட மாட்டீர்கள், உண்மையில் செய்கிற வேலை என்ன என்றுதான் பார்ப்பார்கள். சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில். ஃபைட், யுனைட் என்று ஐடி ஊழியர் சங்கங்களும் இருக்கின்றன, அறைக்குக் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு முறை போய்ப் பேசி வைத்தால் நல்லது, கூப்பிட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

சரி, போவதென்றே முடிவாகிவிட்டால்

தேதியை நீங்கள் தேர்ந்தெடுங்கள், கோபம் தேர்ந்தெடுக்கக் கூடாது. என் கதை இங்கேதான் வருகிறது. என் முதல் கம்பெனியில் ஒரு வியாழக்கிழமை, எல்லோர் முன்னாலும் ஒருவர் என்னைத் திட்டினார், வெள்ளிக்கிழமை காலை பேப்பர் போட்டேன். கடைசி நாள் வந்தபோது சர்வீஸ் நாலு வருடம் ஐந்து மாதம். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். நாலு வருடத்தோடு ஐந்தாவது வருடத்தில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதாவது நாலு வருடம் எட்டு மாதம் அருகில். நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும். கடைசி பேசிக் 18,000, அதைப் பதினைந்தால் பெருக்கி இருபத்தாறால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 51,923 ரூபாய். மூன்று மாதம் பல்லைக் கடித்திருந்தால் கிடைத்திருக்கும். என்னைத் திட்டிய ஆள் அதற்கு அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்பது கூடுதல் செய்தி.

ஆஃபர் லெட்டர் கையில் வராமல் பேப்பர் போடாதீர்கள், "வெர்பல் ஆஃபர்" என்று ஒன்று கிடையாது. 90 நாள் நோட்டீஸில் 30 நாளில் விடச் சொல்லிக் கேட்கலாம், மீதி நோட்டீஸ் நாளுக்கான பணத்தை (பையவுட்) புதுக் கம்பெனி தருமா என்று முதலிலேயே கேளுங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். பேப்பர் போட்டதும் பழைய கம்பெனி திடீரென்று முப்பது சதவீதம் தருகிறேன் என்றால், முந்தின வாரம் வரை அது எங்கே இருந்தது என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டு நன்றாக இருப்பவர்களும் உண்டு, சம்பளம் மட்டுமே குறையாக இருந்தவர்கள் அவர்கள். எக்ஸிட் இன்டர்வியூவில் மனசைக் கொட்டாதீர்கள், அந்த ஃபார்மைப் படித்து யாரும் திருந்தப் போவதில்லை, நாளைக்கு பேக்ரவுண்டு செக்குக்கு அதே எச்ஆருக்குத்தான் மெயில் போகும்.

கடைசி நாளுக்குப் பிறகு ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது, 45 நாள் ஆகும் என்று பழைய பழக்கத்தில் சொன்னால் அதை எடுத்துக் காட்டுங்கள். பிஎஃபை எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பழைய கம்பெனி உங்கள் யுஏஎன்னில் (பிஎஃப் எண்) வெளியேறிய தேதியைப் போட்டுவிட்டதா என்று ரெண்டு மாதத்துக்குள் பாருங்கள், அது இல்லாமல் மாற்றலும் நடக்காது, புதுக் கம்பெனியில் ரெண்டு இடத்தில் வேலை பார்க்கிறாயா என்றும் கேட்பார்கள்.

அந்தத் தம்பி இன்னும் பேப்பர் போடவில்லை. செப்டம்பரில் அவனுக்கு நாலு வருடமும் 240 நாளும் முடிகிறது, அதற்குள் ரெண்டு இன்டர்வியூ பார்த்துவிடுகிறேன் என்றான். ஏழு மணி கால் முடிந்து எட்டுக்கெல்லாம் வீட்டில் இருப்பதால் படிக்க நேரம் கிடைக்கிறதாம்.